பழைய சாமிமாரின் கையெழுத்துக் கடிதங்கள்: கைமாற்றலாமா?

டிக்கோயா கிளாக்கர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே முத்திரை சேர்ப்பவர்கள், பழைய காசு சேர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் சரக்கு கொஞ்சம் வேறு. மேலிடத்தோடு மோதிக்கொண்ட கத்தோலிக்கக் குருமாரும் மேற்றிராணியார்களும் (ஆயர்களும்) கையொப்பமிட்ட கடிதங்களைச் சேர்க்கிறேன். புனிதர்களின் கையெழுத்து என்றால் வாங்க ஆள் இருக்கிறது. பாப்பரசர் ஆசீர்வதித்த படம் என்றால் சண்டையே நடக்கும். திட்டு வாங்கிய சாமிமாரை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் என் பென்சனுக்குள் அடங்குகிறது.

ஆரம்பம் அப்பாவால் வந்தது. அவர் எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் உபதேசியார். சாமி எப்போதாவது ஹட்டனிலிருந்து வந்து பூசை வைப்பார், மற்ற ஞாயிறுகளில் செபமாலையும் வாசகமும் அப்பா பொறுப்பு. தோட்டச் சனத்தை இந்தியப் பிரஜை, இலங்கைப் பிரஜை என்று பிரித்த 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, லயத்துச் சனம் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) எல்லாம் கடதாசி தேடி அலைந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத பலருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ்தான் கையிலிருந்த ஒரே ஆதாரம். அப்பா ஊர் ஊராகப் பங்குகளுக்கு எழுதிப் போடுவார், பதில்கள் வரும். அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

அதில் ஒன்று பதுளை ஆயர் லியோ நாணயக்காரவுடையது. 1974ஆம் ஆண்டு. ஆங்கிலத்தில் தட்டச்சு, நீல மையில் கையொப்பம், பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குடும்பத்துப் பதிவு பற்றி நாலைந்து வரி, அவ்வளவுதான். உறையும் இருக்கிறது, பதுளை தபால் முத்திரையோடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் சில்வெஸ்திரன் பெனடிக்ற் துறவி, 1959 முதல் கண்டி ஆயர். 1972இல் பதுளையைத் தனி மறைமாவட்டமாகப் பிரித்தபோது, வசதியான கண்டியை விட்டு அந்தப் புதிய, ஏழை மறைமாவட்டத்துக்குப் போனார். 1982இல் இறக்கும்வரை அங்கேதான். ஏழைகள், கிராமம், தோட்டம் என்று அவர் போன போக்குப் பிடிக்காதவர்கள் அப்போதே இருந்தார்கள்.

இப்போது விஷயம். கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்திருந்தார். லியோ ஆயரின் கடிதத்தைக் கொடுத்தால் அமெரிக்காவின் ஃபாதர் சார்ல்ஸ் கொக்லினின் கடிதம் ஒன்றைத் தருகிறாராம். வானொலிப் பாதிரியார் என்று 1930களில் உலகமெல்லாம் பேசப்பட்டவர். மிச்சிகன் மாநிலம் ரோயல் ஓக், சிறுமலர் திருத்தலம் என்று கடிதத்தின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறது. சிறுமலர் என்றால் குழந்தை தெரேசாள், அந்தப் புனிதை மேல் என் வீட்டுக்காரிக்குப் பக்தி. அதைப் பார்த்ததும் அவள் உடனே மாற்றச் சொல்கிறாள். வந்தவரும் நல்ல மனுசன்தான், ஆறுதலாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கடிதத்தை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கையொப்பம் பேனையால் போட்டதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையாகவே இருந்தாலும் இந்த மாற்று நியாயமா? அப்புறம் இன்னொன்று. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டது, காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் இருந்து வரும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. சில கடிதங்களில் பழுப்புப் புள்ளி விழுகிறது. என்ன செய்யலாம்?

கண்டி அச்சுக்காரன் எழுதியது:

கிளாக்கர் ஐயா, ஈய எழுத்துக் காலத்திலிருந்து அச்சகத்தில் நின்றவன் நான். கையொப்ப விஷயத்தில் கொஞ்சம் உதவலாம்.

முதலில் ஒரு லென்ஸ் எடுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுவது போதும். கையொப்பத்தில் ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டுகிற இடத்தைப் பாருங்கள். மைப்பேனையால் போட்டிருந்தால் வெட்டுகிற இடம் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஏனென்றால் அங்கே மை இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கோடு முடிகிற இடத்தில் மை தேங்கியிருக்கும். பேனை வேகமாகப் போன இடம் வெளிறியிருக்கும். அச்சில் இது எதுவும் இருக்காது. எங்கும் ஒரே அடர்த்தி.

அந்தக் காலத்தில் கையொப்பத்துக்கு நாகத் தகட்டில் புளொக் செய்வோம். பெரியவர் ஒரு தடவை போட்டுத் தருவார், அதைத் தகட்டில் எடுத்து ஆயிரக்கணக்கில் அடிப்போம். நீல மையில் அடித்துவிட்டால் கறுப்பு எழுத்துக்குக் கீழே அது நிஜம் போலவே இருக்கும். புளொக்கில் அடித்தால் கோட்டின் ஓரத்தில் மை ஒதுங்கி ஒரு வரம்பு கட்டி நிற்கும். கடதாசியின் பின்பக்கத்தை விரலால் தடவினால் சில வேளை மேடு தட்டுப்படும்.

இன்னும் இரண்டு சோதனை. 1930களின் கடிதத்தில் போல்பொயின்ற் பேனையின் கோடு இருந்தால் அங்கேயே முடித்துவிடலாம், அந்தப் பேனை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945இல்தான். மற்றது, ஹட்டன் கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்குமே, அதற்குக் கீழே பிடியுங்கள். கடதாசி பளிச்சென்று நீலமாக எரிந்தால் அது 1950க்குப் பிந்திய கடதாசி. அதற்கு முந்தியவற்றில் அந்த வெளுப்பு மருந்து சேர்ப்பதில்லை.

எச்சில் தொட்டு மையைத் தேய்த்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். அப்படிப் பார்த்து ஒரு நல்ல கடிதத்தைக் கெடுத்தவரை எனக்குத் தெரியும், ஆள் பேர் வேண்டாம்.

கொக்லினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வந்த கடிதங்களைப் பிரிக்கவே பெரிய குமாஸ்தாப் படை வைத்திருந்தார். அத்தனைக்கும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அவருக்கு வானொலியில் பேச நேரமிருந்திருக்காது.

பண்டாரவளை ஆசிரியை எழுதியது:

ஐயா, கொடுக்காதீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்து அது நிஜம் என்றே வந்தாலும் கொடுக்காதீர்கள்.

கொக்லின் சும்மா சர்ச்சைக்குரிய சாமி இல்லை. அவருடைய பத்திரிகை 1938இல், யூதர்கள் உலகத்தைப் பிடிக்கச் சதி செய்கிறார்கள் என்று சொல்லும் அந்தப் பழைய பொய் ஆவணத்தைத் தொடராகப் போட்டது. ஜேர்மனியில் யூதர்களின் கடைகளும் செபக்கூடங்களும் எரிந்த அதே நவம்பரில், வானொலியில் அதற்குச் சாக்குச் சொன்னார். 1942இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் அவருடைய பத்திரிகையின் தபால் சலுகையைப் பறித்தது, ஆயரும் அரசியல் பேச்சை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு 1966 வரை சாதாரணப் பங்குக் குருவாக இருந்து ஓய்வு பெற்றார். மேலிடத்தோடு முரண்பட்டவர் என்ற ஒரே பெட்டிக்குள் அவரையும் லியோ ஆயரையும் போட எனக்கு மனம் வரவில்லை. அக்கா சிறுமலர் என்று பார்த்துவிட்டார் போலிருக்கிறது, அவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊவாப் பக்கத்துக்கு லியோ ஆயர் வெறும் பெயரில்லை. பண்டாரவளையில் சேவக செவன என்று அவர் தொடங்கிய குருமாணவர் நிலையம் மற்ற குருமடங்களைப் போல இல்லை, மாணவர்கள் மக்களோடு போய் இருந்து படிக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. ஃபாதர் மைக்கல் ரொட்றிகோ அங்கே இருந்துவிட்டுத்தான் 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தலவுக்குப் போனார். முழுக்க முழுக்கச் சிங்கள பௌத்தக் கிராமம். அவர் யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கையெழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி கிடைத்தாலும் போதும் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் என்னடாவென்றால் ஆயரின் கடிதத்தைக் கைமாற்றப் பார்க்கிறீர்கள்!

உங்கள் கடிதத்தையும் ஒரு தடவை சரிபார்த்துக் கொள்ளுங்கள். பதுளை மறைமாவட்டம் 1972 டிசம்பரில்தான் உருவானது. அதற்கு முந்திய திகதியில் பதுளை ஆயர் என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நாட்டின் பெயர் இலங்கைக் குடியரசானது 1972 மே 22. அதற்குப் பிறகும் சிலோன் என்று அச்சடித்த பழைய கடிதத்தாளைக் கந்தோர்கள் தீரும்வரை பாவித்தன, ஆகவே அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். உங்களுடையது 1974, உறையும் இருக்கிறது. எனக்கு ஐயமில்லை.

செபமாலை மணி எழுதியது:

இடையில் புகுந்து கேட்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். திருச்சபை விலக்கி வைத்தவர்களின் கடிதத்தை வீட்டில் சுரூபம் இருக்கிற இடத்தில் வைப்பது பாவமில்லையா? எங்கள் பாட்டி இருந்தால் அடுப்பில் போட்டிருப்பா.

டிக்கோயா கிளாக்கர் எழுதியது:

பாட்டி போட்டிருப்பா, உண்மைதான். தடை செய்த புத்தகங்களின் பட்டியல் என்று உரோமையில் ஒன்று இருந்த காலம் அது. அந்தப் பட்டியலே 1966இல் வழக்கொழிந்துவிட்டது தங்கச்சி. இன்னொன்று, லியோ ஆயரை யாரும் விலக்கி வைக்கவில்லை. அவர் ஆயராகவே இறந்தார்.

விலக்கி வைத்தது ஃபாதர் திஸ்ஸ பாலசூரியவை. அமலமரித் தியாகிகள் சபைக்காரர், கொழும்பு டீன்ஸ் வீதியில் சமூக சமய நிலையத்தை 1971இல் தொடங்கியவர். என்னைப் போலக் கையெழுத்துப் பைத்தியம் பிடித்தவனுக்கு அவருடைய வழக்கைப்போல ஒன்று கிடைக்காது, ஏனென்றால் அது முழுக்க ஒரு கையெழுத்தின் வழக்கு. மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி அவர் 1990இல் வெளியிட்ட புத்தகத்துக்காக, உரோமை அவருக்கென்றே ஒரு விசுவாச அறிக்கை எழுதி, இதில் கையெழுத்துப் போடு என்றது. அப்போது உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுத் திருச்சங்கத்தின் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற். இவர் அதில் போடவில்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதிய விசுவாச அறிக்கையை எடுத்து அதில் போட்டார், கூடவே தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வாசகத்தையும் சேர்த்தார். அந்த வாசகத்தால் கையெழுத்துச் செல்லாது என்று உரோமை சொல்லிவிட்டது. 1997 ஜனவரி 2ஆம் திகதியிட்ட அறிவித்தலில் விலக்கி வைத்தார்கள். எழுபது வயது தாண்டிய மனுசன். உலகமெங்கும் சத்தம் எழுந்தது. 1998 ஜனவரி 15ஆம் திகதி அதே ஆறாம் பவுலின் அறிக்கையில், இந்தத் தடவை அந்த நிபந்தனை வாசகம் இல்லாமல், கையெழுத்திட்டார். விலக்கம் நீங்கியது. 2013இல் காலமானார்.

ஆகவே அவர் அந்த ஒரு வருடத்துக்குள் எழுதிய கடிதம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அறிவியுங்கள், சுரூபத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

ஹப்புத்தளை பொடியன் எழுதியது:

ஐயா இதெல்லாம் விலை போகுமா? எங்கள் வீட்டிலும் ஒரு பழைய பிஷப் கையெழுத்து இருக்கு, உறுதிப்பூசுதல் சேர்ட்டிபிக்கட்டில்.

மன்னார் சுவடிக்காரர் எழுதியது:

தம்பிக்கு முதலில்: உறுதிப்பூசுதல் சான்றிதழ் விற்கிற சாமான் இல்லை. நாளைக்குக் கலியாணம் என்று பங்குக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள்.

கிளாக்கருக்கு. நான் பழைய பதிவேடுகளோடு வேலை செய்பவன். இந்த வகைக் கடிதங்களில் கையொப்பத்தை விட நான் முதலில் கேட்பது, அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்பது. உங்கள் அப்பாவின் பெயருக்கு வந்தது, அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்தது. சுத்தமான வரலாறு. ஆனால் சர்ச்சைக்குரிய குருமாரின் கடிதம் என்று சந்தைக்கு வருகிற சிலதுக்கு அப்படி இல்லை. திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு ஆயரகத்திலும் இரகசியப் பெட்டகம் ஒன்று உண்டு. ஒழுக்கக் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால், அல்லது தீர்ப்பு வந்து பத்து வருடம் கடந்தால், அந்த ஆவணங்களை அழித்துவிட்டுச் சுருக்கமும் தீர்ப்பும் மட்டும் வைக்க வேண்டும் என்று 489ஆம் விதி சொல்கிறது. அங்கிருந்து நழுவி வந்த கடதாசி ஒன்றை யாராவது உங்களிடம் நீட்டினால், அதில் ஒரு குருவின் பெயர் மட்டுமல்ல, முறையிட்ட ஒரு பிள்ளையின் பெயரும் இருக்கலாம். அதைத் தொட வேண்டாம். பங்குப் பதிவேட்டிலிருந்து கிழித்த தாளும் அப்படியே, அது பங்கின் சொத்து.

கடிதத்தை நீங்கள் வைத்திருக்கலாம், ஆனால் அதன் வாசகம் எழுதியவருக்கும் அவருடைய உரித்தாளிகளுக்கும் சொந்தம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 வருடம்வரை. முழுக் கடிதத்தையும் படமெடுத்து இங்கே போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பழுப்புப் புள்ளி பற்றி: தேயிலைத்தூளை மூடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடதாசியும் அப்படியே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். டிக்கோயாவில் ஆடி மாதம் அதற்குக் கீழே வருவது கஷ்டம்தான். முதல் வேலையாக அந்த பிஸ்கட் டின்னிலிருந்து எடுங்கள். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இழுக்க வேண்டாம், கடதாசி கிழியும்; ஊசியின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாக விடுவியுங்கள். அமிலமில்லாத தாளுக்கு இடையில் வைத்து, மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். மணி நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். அடுப்படிச் சுவர்ப்பக்கம் சூடாக இருக்கிறதே என்று அங்கே வைத்துவிடாதீர்கள், புகையும் எண்ணெயும் ஏறும். பூச்சி உருண்டையைக் கடிதத்தில் படும்படி போடக்கூடாது. லமினேட் செய்தால் அந்தக் கடிதத்தை மறந்துவிடலாம். செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் கடதாசிக்குள்ளேயே இறங்கிவிடும்.

டிக்கோயா கிளாக்கர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்கார அண்ணன் சொன்னபடியே செய்து பார்த்தேன்.

ஹட்டனில் தெரிந்த நகைக்கடையில் லென்ஸும் வாங்கி, அவர்களுடைய ஊதா விளக்கையும் கேட்டேன். கடைக்காரர் முதலில் நான் கள்ளநோட்டோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கடதாசி எரியவில்லை, மங்கலாகவே கிடந்தது. ஆக, பழைய கடதாசியாக, அந்தக் காலத்துக் கடிதமாக இருக்கலாம். ஆனால் கையொப்பம்? கொக்லினின் முதல் எழுத்தில் வளைவு வந்து தன்னையே வெட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கடுமை இல்லை. நீலம் எங்கும் ஒரே சீராக இருக்கிறது, கோட்டின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை போல ஒரு வரம்பு ஓடுகிறது. உடனே பக்கத்தில் லியோ ஆயரின் கடிதத்தை வைத்துப் பார்த்தேன். சிலுவையின் குறுக்குக்கோடு நெடுங்கோட்டை வெட்டுகிற இடத்தில் ஒரு கரும்புள்ளி, பெயரின் கடைசி எழுத்தில் பேனை தூக்கிய இடத்தில் மை கொஞ்சம் பரவிக் கடதாசி நாரோடு ஓடியிருக்கிறது. ஒரு தடவை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது.

கொக்லின் கடிதத்தில் அன்பான நண்பரே என்றுதான் விளிப்பு, பெயரே இல்லை. முழுவதும் படிப்பெருக்கியில் எடுத்த சுற்றுமடல். அதையும் நான் குப்பை என்று சொல்ல மாட்டேன். ஒரு பங்குக் குரு, நாடு முழுவதும் இருந்த சனத்தோடு தனித்தனியாகக் கடிதம் எழுதுவதுபோல நடித்த வித்தை அதில் இருக்கிறது. வெறுப்பு எப்படித் தபாலில் போனது என்று படிக்க விரும்புகிறவர் வைத்திருக்கட்டும். ஆசிரியைத் தங்கச்சி எழுதியதை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். சிறுமலருக்கு இது தெரியுமா என்று கேட்டாள், பிறகு அந்தக் கடிதத்தின் பேச்சே எடுக்கவில்லை.

கொழும்புக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அச்சாக இருந்தால் என்ன, கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். சரி, லியோ ஆயரின் கடிதத்தை வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கையொப்பம் உள்ள கீழ்ப்பகுதியை வெட்டி, ஆயரின் படத்தோடு ஒட்டிச் சட்டம் போடுவாராம். மேலே உள்ளது வெறும் தோட்டத்து விஷயம்தானே என்றார்.

அந்த வெறும் தோட்டத்து விஷயத்தில் ஒரு தகப்பன் பெயர், தாயின் பெயர், நாலு பிள்ளைகளின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர் எல்லாம் இருக்கிறது. ஒரு மேற்றிராணியார் தன் கந்தோரில் உட்கார்ந்து, லயத்தில் இருக்கிற ஒரு குடும்பத்தின் பெயர்களைத் தேடிப் பிடித்து, எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்யவைத்து, தன் பெயரைக் கீழே போட்டிருக்கிறார். அவருடைய சர்ச்சை என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த மேல்பகுதியைத்தான் காட்டுவேன். கீழ்ப்பகுதி மட்டும் வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும். கொக்லினைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன், தபால் செலவு என்னுடையது.

சிலிக்கா மணி ஹட்டனில் கிடைக்கவில்லை. சப்பாத்துக் கடைக்காரர் பெட்டிகளுக்குள் வரும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சுவடிக்காரர் ஐயா, அது போதுமா, அல்லது அதற்கென்று தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

ஆசிரியைத் தங்கச்சிக்கும் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது பதில் மட்டும்தான். அப்பா கேட்டெழுதிய கடிதம் பதுளை ஆயரகத்திலோ உங்கள் பக்கத்துப் பங்கிலோ கிடக்கலாம். அப்பாவின் கையெழுத்தில் என்னிடம் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. 1974 காலத்துக் கோப்பைப் பார்க்க அனுமதி கேட்பதென்றால் யாருக்கு எழுத வேண்டும்?

பண்டாரவளை ஆசிரியை எழுதியது:

முதலில் பங்குச் சாமிக்கு எழுதுங்கள் ஐயா, ஆயரகச் செயலாளருக்கு ஒரு பிரதி போடுங்கள். தோட்டத்தின் பெயரையும் திகதியையும் எனக்குத் தனிமடலில் அனுப்பினால் இந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு நானே சாமியிடம் கேட்கிறேன். கடிதத்தை மட்டும் அனுப்ப வேண்டாம், போட்டோப் பிரதி போதும்.